முல்லைத் திணையும் பருவச் சீட்டும்

குச்சவெளியிற் புகையிரத நிலையம் இல்லை. ஒரு காலத்திலும் இருந்ததில்லை. கடல் உண்டு, கடலை ஒட்டிய தெரு உண்டு, தெருவோரத்துப் பனையும் அப்பாற் களப்பும் உண்டு. தண்டவாளம் மட்டும் இல்லை. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகின்ற பாதையிலே உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி எல்லாவற்றையும் கடந்து ஏறக்குறைய 34 கிலோமீற்றர் வந்தால் எங்கள் ஊர். இப்படிப்பட்ட ஊரிலிருக்கும் ஒரு தமிழ்ப் பண்டிதன் புகையிரதத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், 'இவனுக்கு இதில் என்ன வழக்கு?' என்று அன்பர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

வழக்கு உண்டு. வண்டி வராத ஊரும் வண்டியின் நேரத்திலேதான் வாழ்கிறது. கடவுச்சீட்டு எடுக்கப் போகிறவர், கொழும்பிலே படிக்கிற பிள்ளைகள், மஹரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குத் திகதி வாங்கி வைத்திருப்பவர் ஆகிய எல்லாரும் பிற்பகலில் இங்கே பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போவார்கள். அங்கே இரவு வண்டி. கண் விழித்தாற் கொழும்புக் கோட்டை. ஆகையால், 'கோச்சிக்கு நேரமாச்சு' என்ற சொல் தண்டவாளமே இல்லாத எங்கள் தெருவில் நாள்தோறும் கேட்கும் சொல்.

இந்தக் 'கோச்சி' என்ற சொல்லிலே எனக்கு ஒரு பற்று உண்டு. பத்திரிகையிலும் நிலையத்துப் பலகையிலும் புகையிரதம் என்று எழுதுகிறோம். புகை போய் நெடுநாளாயிற்று. பெயர் மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தார் தொடர்வண்டி என்று திருத்திக் கொண்டார்கள். நம்மவரிற் சிலர் தொடருந்து என்று ஆக்கினார்கள். கிராமத்துக் கிழவி இவற்றுள் எதையும் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெட்டிக்கு வழங்கிய பெயரை எடுத்து வண்டி முழுவதற்கும் சூட்டிவிட்டாள். நன்னூல் படித்தவர் இதைச் சினையாகுபெயர் என்பர். அவள் நன்னூல் படித்தவளல்லள்.

திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்தது 1927இல். மகவையிற் பிரிகின்ற மட்டக்களப்புப் பாதையிலிருந்து கல்லோயாச் சந்தியில் இன்னுமொரு கிளை பிரிந்து எங்கள் பட்டினத்துக்கு வருகிறது. முன்பெல்லாம் வண்டியே அந்தச் சந்தியில் இரண்டாகப் பிரியும். சில பெட்டிகள் மட்டக்களப்புக்கு, சில பெட்டிகள் திருகோணமலைக்கு. பெட்டி மாறி ஏறி நித்திரையானவர் கோணேசரை நினைத்துக் கண் மூடி மாமாங்கேசுவரர் ஊரிலே கண் விழித்த கதைகள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ உண்டு. கதை சொல்லுகிறவர் எப்போதும் வேறொருவருக்கு நேர்ந்ததாகவே சொல்வார்.

நிற்க. நான் சொல்ல வந்தது வேறு.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று இரண்டைச் சொன்னார். ஒன்று நிலம், மற்றது பொழுது. இந்த இரண்டையும் முதலில் வைத்த பின்னர்தான் மரமும் மாவும் பறையும் யாழும் வந்தன. மனிதருடைய ஒழுக்கமும் வந்தது. ஐந்து ஒழுக்கங்களில் முல்லைக்கு உரியது இருத்தல். நெய்தலுக்கு உரியது இரங்கல். வகுப்பிலே ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவனோ மாணவியோ எழுந்து கேட்பதுண்டு: "ஐயா, இரண்டிலும் தலைவன் வரவில்லை. இரண்டிலும் தலைவி தனியே இருக்கிறாள். பிறகு ஏன் இரண்டு திணை?" நல்ல கேள்வி. உரையாசிரியர்கள் வகுத்த விடையைச் சொல்லிப் பிள்ளையை இருத்திவிடுவேன். விடை சரியானதுதான், ஆனால் கேட்ட பிள்ளையின் முகத்திலே அது இறங்கியதில்லை. உள்ளதைச் சொன்னால், என் மனத்திலும் முழுவதும் இறங்கியதில்லை. இறங்கியது சென்னைப் பட்டினத்து இரயில் மேடை ஒன்றிலே.

எங்கள் திருகோணமலைக்கும் சென்னைக்கும் ஏட்டுறவு பழையது. திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' 1895இற் சென்னையிலேதான் அச்சேறியது. அவருடைய தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் அந்நகரிலிருந்தே தமிழ் நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். அப்பெரியார்களின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாவிட்டாலும், பழைய பதிப்புக்கள் சிலவற்றை ஒப்பு நோக்கும் ஆசையில் 2024 தை, மாசி மாதங்களில் நானும் அங்கே தங்கியிருந்தேன்.

ஏடு தேடுகிறவனுக்கென்றே போட்டது போல அங்கே ஓர் இரயிற் பாதை உண்டு. 'பறக்கும் இரயில்' என்று ஊரார் அதை அழைக்கிறார்கள். தூண்களின் மேலே ஓடுகிறது. 1995இல் ஒரு பகுதி திறந்து, 2007இல் வேளச்சேரி வரையில் நீண்டது. கடற்கரை நிலையத்தில் ஏறினால் கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலை என்று வரிசையாக வரும். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இப்போது அந்தக் கட்டிடத்திலேதான். திருவான்மியூரில் இறங்கினால் பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சா. நூல்நிலையம் தொலைவில்லை. தரமணிப் பக்கத்திலே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இவ்வளவையும் ஐந்து ரூபாவிலிருந்து தொடங்கும் சீட்டிலே தொட்டுவிடலாம்.

நான் போனபோது அந்தப் பாதையின் வடதலை வெட்டுண்டு கிடந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலே கால் கிலோமீற்றர் வரையிலான வேலை. அதற்கு இடம் விடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் வேளச்சேரி வண்டிகள் கடற்கரைக்குப் போகாமற் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. வண்டிகளின் தொகையும் குறைந்தது. வேலை வேண்டாத வேலை அன்று. வெளியூர் வண்டிகளும் நகர் வண்டிகளும் ஒரே பாதையிலே முண்டியடிக்கின்ற இடம் அது. நாலாவது பாதை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஏழு மாதத்தில் முடியும் என்று சொன்னார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரைப் பார்த்து ஏதோ சிந்தாமணிக்கு உறவு என்று எண்ணிவிடாதீர்கள். 1734இலே கவர்னர் பிற்று என்பவர் நெசவுக்காரரைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டை அது. சின்னத் தறிப் பேட்டை என்பது மருவிற்று என்பர். தறியிலே நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடினாற்றான் துணி விளையும். அந்தப் பேட்டையிலே இப்போது நாடா பாதித் துணியில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

காலை எட்டரை மணி அளவில் அங்கே போய் நிற்க வேண்டும். வண்டி வரும், நிறைந்து வரும், முழுவதும் அங்கேயே இறங்கும். மேடையிலிருந்து படி வழியாக ஒரு மனித ஆறு கீழே வழியும். கீழே ஆட்டோக்காரர்கள் 'பாரிஸ், பாரிஸ்' என்று கூவுவார்கள். கால் உள்ளவர் கூவத்தைக் கடந்து பூங்கா நிலையம் வரையில் நடந்து வேறு வண்டி பிடிப்பர். கால் முடியாதவர் சிலரும் அந்த ஆற்றிலே இருந்தார்கள். பூங்கா நகர் நிலையத்துக்கு அருகிலேதான் அரசினர் பொது மருத்துவமனை. திருவல்லிக்கேணியிலும் மயிலையிலும் ஏறி அந்த வாசலிலே இறங்கி வைத்தியம் பார்த்து வந்தவர்களுக்கு, ஒரு நிலையத் தூரம் திடீரென்று மலையாயிற்று.

எனக்கு அதனால் வந்த குறை ஒன்றுமில்லை. ஏடு பார்க்கிறவன் பத்து மணிக்குப் போனால் என்ன, பதினொரு மணிக்குப் போனால் என்ன? ஏடு நூறாண்டு காத்திருந்தது. இன்னும் ஒரு மணி காக்கும். ஆனால் என் பக்கத்திலே வாங்கில் இருந்த அம்மையாருக்கு அப்படியல்ல. பெருங்குடியிலிருந்து வருகிறார். பாரிமுனையில் ஒரு வணிகக் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. கால் நோவுக்குச் சற்று இருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"முன்னாடி ஒரே வண்டி சார். பீச்சில எறங்கினா அஞ்சு நிமிசம் நடை. இப்ப ஆட்டோவுக்குப் போக ஒரு காசு, வர ஒரு காசு. காசு கூடப் போவுது, பரவால்ல. ஒம்போதே காலுக்கு மேல போனா அரை நாள் புடிச்சிக்கிறாங்க. அதுக்காவ ஒரு வண்டி முன்னாடியே கிளம்பி வந்துடறேன்."

"எப்போது சரியாகுமாம்?" என்றேன்.

அவர் விரல் மடக்கினார். ஆவணியில் தொடங்கி ஒவ்வொரு மாதமாக எண்ணி ஏழாவது விரலில் நின்றார். "பங்குனியில விட்டுடுவாங்க சார். ஏழு மாசம்னுதானே சொன்னாங்க. வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கிப் போனார்.

அந்த மடங்கிய விரல்களிலேதான் என் மாணவனின் கேள்விக்கு விடை இருந்தது. முல்லைத் தலைவன் வாளா போகவில்லை. 'கார்காலத்தில் வருவேன்' என்று பருவங் குறித்துப் போனான். தலைவிக்குத் துன்பம் இல்லையா? உண்டு. ஆனாலும் அவளிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மடக்குவதற்கு விரல் இருக்கிறது. அதனால் அவள் வீட்டைப் பார்க்கிறாள், விருந்தைப் பார்க்கிறாள், இருக்கிறாள். அந்த இருப்பைத்தான் இருத்தல் என்று ஓர் ஒழுக்கமாக உயர்த்திச் சொன்னார்கள். நெய்தலிலோ அந்தக் கணக்கு நழுவிப் போகிறது. கடலுக்குப் போனவன் காற்றுக்கும் அலைக்கும் உட்பட்டவன். இன்று வருவான், நாளை வருவான், வராமலும் போவான். எதை எண்ணுவது? எந்த விரலை மடக்குவது? முல்லைக்குக் கார் என்று பெரும்பொழுது வகுத்த தொல்காப்பியர், நெய்தலுக்கு எற்பாட்டைச் சொன்னாரேயன்றிப் பெரும்பொழுது ஒன்றையும் தனியே சொல்லாது விட்டார். பருவமே இல்லாத காத்திருப்பு அது. நெய்தல் நிலத்திலே பிறந்து வளர்ந்தும் இது எனக்கு உறைக்க ஐம்பது வயதுக்கு மேலாயிற்று.

நான் ஊர் திரும்பிவிட்டேன். பங்குனி வந்தது, வண்டி கடற்கரைக்குப் போகவில்லை. நிலம் கிடைப்பதிலே தடங்கல் என்று செய்தி வந்தது. பிறகு வேறொரு மாதம் சொன்னார்கள், அதுவும் போயிற்று. கடைசியில் 2024 ஒக்டோபர் 29இலே வண்டி மறுபடியும் கடற்கரைக்கு ஓடியது. ஏழு மாதம் என்றது பதினான்கு மாதமாயிற்று. முதல் ஏழு மாதத்திலும் பின் ஏழு மாதத்திலும் மேடை ஒன்றே, படி ஒன்றே, ஆட்டோக்காரரின் கூவல் ஒன்றே. அந்த அம்மையாருக்கு நாளொன்றில் நட்டமான நிமிடங்களும் ஒன்றே. ஆயினும் பங்குனியோடு திணை மாறிவிட்டது. இரயிற் பிரயாணிகள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்று கேட்கிற பெரிய உத்தியோகத்தர்கள், கோபம் எந்த மாதத்திலே முற்றியது என்று பார்த்தால் நல்லது.

அகப்பாட்டிலே ஒரு துறை உண்டு. தலைவன் சொன்ன கார்காலம் வந்துவிடும், கொன்றை பூத்துவிடும், தலைவி கலங்குவாள். தோழி சொல்வாள்: 'இது பருவம் அன்று. வந்தது காலமல்லாத மழை. அதை நம்பிக் கொன்றை பேதைத்தனமாகப் பூத்துவிட்டது.' பருவம் அன்று என்று வற்புறுத்தல் என்பார்கள். தோழி சொல்வது பொய். அவளுக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும். ஆனாலும் அவள் பொய் அன்பினால் வந்த பொய்; பக்கத்திலே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிற பொய். 'மார்ச் என்றோம், அது உத்தேச மார்ச்' என்று அறிக்கை விடுகிற கந்தோருக்கு அந்த உரிமை ஏது?

இனி, நிமிடக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். பண்டிதனுக்குக் கணக்கு வராது என்று நினைக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிற நிலையத்திலே, நேரம் பாராமற் போய் நிற்பவர் சராசரி ஐந்து நிமிடம் காத்திருப்பார். பாதி வண்டியை நிறுத்திவிட்டால் பத்து நிமிடம் காத்திருப்பார். 'ஐந்து நிமிடம் கூடிற்று, இதற்கா இந்த ஆரவாரம்?' என்று மேசையிலிருந்து கேட்கலாம். ஆனால் அரை நாட் சம்பளம் போகுமென்று அஞ்சுகிறவர் சராசரியிலே வாழ முடியாது. வரவேண்டிய வண்டி வராமலும் போகலாம், வந்தது ஏற முடியாதபடி நிறைந்திருக்கலாம் என்று எண்ணி, ஒரு வண்டிக்கு முந்திய வண்டிக்கே வந்துவிடுகிறார். இருபது நிமிடம் போயிற்று. நாள்தோறும், வண்டி நேரத்துக்கு வந்த நாளிலுங்கூட, அந்த இருபது நிமிடம் போகிறது. எந்த அறிக்கையிலும் அது பதிவதில்லை. ஏனெனில் வண்டி தாமதிக்கவில்லை, அவரும் தாமதிக்கவில்லை. பெருங்குடி அம்மையார் விடியலில் அடுப்பு மூட்டுகிற நேரம் மட்டும் முன்னுக்குப் போயிற்று.

எங்கள் நாட்டிலும் வண்டி குறைந்த காலம் உண்டு. அரசாங்க ஊழியர் அறுபது வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதி 2022 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது. சாரதி, காப்பாளர், நிலைய அதிபர் என்று புகையிரதப் பகுதியிலும் பலர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். 2023 தை பிறந்ததும் ஓட்ட ஆளில்லாமல் வண்டிகள் நிறுத்தப்பட்டன; கொழும்புப் புறநகர் நிலையங்களிலே கந்தோருக்குப் போகிறவர் கூட்டம் கூட்டமாக நின்றது. அறுபது வயது யாருக்கு எப்போது வரும் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே ஏட்டிற் பதிந்திருக்கும். நானும் அந்த வயதை நோக்கித்தான் நடக்கிறேன். என் கல்லூரி ஏட்டிலும் அந்தத் திகதி உண்டு. மழை வருமா என்பதற்குச் சோதிடம் வேண்டும்; இதற்கு வேண்டாம். எப்போது ஓயும் என்று முன்னமே அறியக்கூடிய குறைவு, யாரும் அறியாதது போல வந்து மேடையில் நிற்பவர் தலையிலே விழுந்தது.

வண்டியைக் குறைப்பதற்கு முன்னாலே பிரயாணிகளை எண்ணிப் பார்ப்பது ஒரு முறை. நல்ல முறைதான், ஆனால் எப்போது எண்ணுகிறோம் என்பதிலே சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்திலே பீச்சிங் என்பவர் 1963இல் ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 நிலையங்களையும் ஐயாயிரம் மைல் பாதையையும் மூடலாம் என்றது அது. அதற்காகப் பிரயாணிகளை எண்ணிய கணக்கு, 1961 ஏப்ரல் 23இல் முடிந்த ஒரே வாரத்துக் கணக்கு. அந்நாட்டார் கடற்கரை ஊர்களுக்குக் குடும்பத்தோடு வண்டியேறுவது ஆடி ஆவணி வெயிலில். சித்திரையிலே போய் எண்ணினால் வண்டியிலே யார் இருப்பார்? பருவம் பாராமல் எண்ணினார்கள் என்று அக்காலத்திலேயே குறை சொன்னார்கள். எங்கள் நிலாவெளிக்கு வெளிநாட்டார் வருவதும் கடல் அடங்கிய பின்னர்தான். மார்கழி மழையிலே திருகோணமலை நிலையத்தில் ஒருவர் கொப்பியோடு வந்து நின்றால், இந்த ஊருக்கு இருப்புப்பாதையே மிகை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

கிளைப் பாதையை வெட்டினால் தண்டுப் பாதையும் வாடும் என்பதும் அவர்களுடைய கணக்கிலே சரியாக விழவில்லை. கிளை நிலையத்திலே ஏறுகிறவர் கிளையோடு இறங்குவதில்லை. நெடுந்தூரச் சீட்டோடுதான் ஏறுகிறார். குச்சவெளியார் ஒருவர் திருகோணமலையில் ஏறினால் அவர் போகுமிடம் கல்லோயா அன்று. இன்னொன்றும் உண்டு. வண்டி குறைந்தாற் சனம் பஸ்ஸுக்குப் போகும். சனம் போனால் மேடை வெறிக்கும். வெறித்த மேடையைக் காட்டி மிச்ச வண்டியையும் நிறுத்துவார்கள். தண்ணீர் விடாமல் வாடவிட்டு, வாடிய மரந்தானே என்று தறிப்பது போன்றது இது.

குறைவைச் சொல்லும் வகையிலே சொன்னால் சனம் பொறுக்கும் என்பதற்கும் கண்ட சான்று உண்டு. 2025 பெப்ரவரி 20இல் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன இரவு வண்டி, கல்லோயாவுக்கு அண்மையில் யானைக் கூட்டத்திலே மோதியது. ஆறு யானைகள் மாண்டன. மார்ச்சிலே அப்பாதை இரவு வண்டிகளின் நேரத்தை மாற்றினார்கள். பலருக்கு அது வசதிக்குறைவுதான். எங்கள் பக்கத்திலே ஒருவரும் முணுமுணுத்ததை நான் கேட்கவில்லை. காரணமும் புதிய நேரமும் கைகோத்துக்கொண்டு வந்தன, அவ்வளவுதான். எழுந்து போய் வேறு நேரத்துக்கு அலாரம் வைத்தார்கள்.

இப்போது என் அயல் வீட்டுக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதத் தூண்டியது அந்த வீடுதான்.

அந்த வீட்டு அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. என்னிலும் மூத்தவர், பண்டிதர் என்று ஊர் சொன்னாலும் அவருக்கு நான் தம்பிதான். மூன்று ஆண்டாக மஹரகமைக்குப் போய் வருகிறார். கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்ததுபோல எப்போதும் கைக்குள்ளேயே வைத்திருப்பார். மகளோடு பிற்பகல் பஸ், இரவுக் கோச்சி, விடியக் கோட்டையிலே இறங்கிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் மிஞ்சிய தேநீர், பிறகு 138ஆம் இலக்க பஸ், அல்லது களனிவெளிப் பாதை வண்டி. அந்தப் பாதையில் மஹரகமைக்கு ஒரு நிலையம் உண்டு. நகரத்துக்கு உள்ளே வருகிற வண்டிகள் காலையிலே கால் வைக்க இடமில்லாமல் வரும்; இவர்கள் போவது வெளியே போகிற வண்டி. 'எல்லாரும் வேலைக்கு வாறாங்க, நாங்க நோய்க்குப் போறம். அதால இருக்க இடம் கிடைக்குது' என்று சொல்லிச் சிரிப்பார். இரவு வண்டியிலே படுத்துப் போகாவிட்டாலும் காலை நீட்டிச் சாய்ந்து போகலாம். நினைத்த நேரத்தில் எழுந்து மலசலகூடத்துக்குப் போகலாம். மருந்து ஏறிய உடம்புக்கு அது சிறிய காரியம் அன்று. பஸ்ஸிலே அந்த இரண்டும் இல்லை.

2025 நவம்பர் கடைசியிலே டித்வா புயல் வந்தது. ஏமன் நாட்டார் கொடுத்த பெயர். அந்நாட்டுத் தீவொன்றிலுள்ள அழகான களப்பின் பெயராம். கிழக்குக் கரையை மோதி நாடு முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்திற்று. மலைநாட்டிலே மண் சரிந்து மாண்டவர் பலர். இருப்புப்பாதைகளில் எத்தனையோ இடங்களில் அடியிலிருந்த மண்ணை நீர் அரித்துக்கொண்டு போகத் தண்டவாளங்கள் வெறுங்கம்பியாய் அந்தரத்தில் தொங்கின. திருகோணமலை வண்டியும் நின்றது. இதற்கு யாரைக் குறை சொல்வது?

அக்காவின் திகதி மார்கழி நடுவிலே. "தம்பி, கோச்சி எப்ப விடுவாங்களாம்?" என்று முதல் நாள் கேட்டார். மறுநாளும் கேட்டார். பத்திரிகையைப் பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் கேட்கவில்லை. வேலியோரத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அது கேட்டதிலும் கடிதாக இருந்தது.

நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவர் சிங்களம் தாய்மொழியான ஓர் உத்தியோகத்தர். ஒவ்வொரு சொல்லாக அடி எடுத்து வைக்கிற தமிழிலே பேசினார். "இப்ப சொல்ல ஏலாது ஐயா. எனக்கே தெரியாது. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பிறகு எடுங்க. அப்ப தெரிஞ்சது என்னவோ, அதைச் சொல்றன். தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்றன்."

வண்டிக்குத் திகதி இல்லை. ஆனால் மறுமொழிக்கு ஒரு திகதி கிடைத்தது. வேலியோரம் போய் அக்காவிடம் அப்படியே சொன்னேன். சற்று யோசித்தார்.

"அப்ப வியாழன் வரைக்கும் பேசாம இருக்கலாம்" என்றார்.

இருக்கலாம் என்றார். நானும் முப்பது ஆண்டாக அந்தச் சொல்லுக்கு உரை சொல்லி வருகிறேன்.

வியாழன் பத்து மணிக்கு எடுத்தேன். அவரே எடுத்தார். "உங்கட திகதிக்கு முன்னம் வராது ஐயா. பஸ்ஸில கூட்டிக்கொண்டு போங்க. அம்மாவுக்கு முன் சீற் கேளுங்க" என்றார். வண்டி வருமென்று எதிர்பார்த்து நின்று கடைசி நேரத்தில் அலைவதற்கு இடமில்லாமற் போயிற்று. அன்று மாலையே மகள் திருகோணமலைக்குப் போய் முன்வரிசையில் இரண்டு ஆசனம் பதிந்து வந்தாள். தலையணையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போனார்கள். பாதை பல இடங்களில் உடைந்து கிடந்ததால் வழி நீண்டது. அக்காவின் கால் வீங்கிவிட்டது. ஆயினும் திகதி தவறவில்லை.

திரும்பி வந்த மறுநாட் காலையிலே கொப்பியோடு வந்தார். அடுத்த திகதி மாசியில் என்று வைத்தியர் எழுதியிருந்தார். எழுத்து விளங்கவில்லை, வாசித்துச் சொல் என்றார். வாசித்தேன். கொப்பியை வாங்கியவர் திறந்தபடியே மறுபடியும் என்னிடம் நீட்டினார்.

"அதுக்குக் கீழ அந்தக் கோச்சி ஸ்ரேசன் நம்பரையும் எழுதிவிடு தம்பி. பெரிசா எழுது, எனக்குக் கண் மங்கல்."

பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.